நான் ஏழு கூட்டிச் சொன்ன பாயிண்டுகள்

சுனாமி வந்து எங்கள் போட்டைத் தூக்கிக் காசிமேட்டில் படகு கட்டும் ஜெட்டி மேல் படுக்க வைத்ததே, அதற்கு அடுத்து வந்த மீன்பிடித் தடைக்காலத்தில் நடந்தது இது. வருஷம் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. போட்டின் வயிற்றில் பலகை மாற்றி, பெயின்ட் அடித்து, மறுபடி தண்ணீரில் இறக்கியிருந்தோம். தடை முடிந்து கடல் திறக்க மூன்று நாள் இருந்தது.

நான் முப்பது வருஷம் விசைப்படகு டிரைவர். பள்ளிக்கூடம் போனதில்லை. எழுத்துக் கூட்டினால் மூச்சு வாங்கும். எண் மட்டும் ஒரு தடவை காதில் விழுந்தால் போதும், போகாது. எங்கள் தெருவில் ரேஷன் கார்டைத் தொலைத்தவர்கள் என்னிடம் வந்து நம்பர் கேட்பார்கள்.

முன்பெல்லாம் எண்ணூர் பவர் ஹவுஸ் புகைபோக்கியையும் லைட் ஹவுஸையும் பார்த்துத்தான் கடலில் இடம் கண்டுபிடிப்போம். பிறகு ஜி.பி.எஸ். பெட்டி வந்தது. மீன் கிடைத்த இடத்தில் பட்டனை அழுத்தினால் வடக்குக்கு ஒரு எண், கிழக்குக்கு ஒரு எண் என்று பெட்டி பிடித்து வைத்துக்கொள்ளும். அதற்குப் பெயர் பாயிண்ட். வலை கிழிகிற பாறை, முழுகிக் கிடக்கிற கப்பல், இவையும் பாயிண்டுதான். அவற்றை ஆபத்துப் பாயிண்ட் என்போம். என்னிடம் இருநூற்றுப் பன்னிரண்டு பாயிண்ட் இருந்தன. ஒன்றுக்கு இரண்டு எண், அத்தனையும் என் தலைக்கே அதிகம் என்று பெட்டியை நம்பி விட்டுவிட்டேன். சுனாமிக்குப் பிறகு பெட்டியைத் திறந்தால் உள்ளே சேறும் ஒரு குட்டி நண்டும்தான் இருந்தன. புதுப் பெட்டி வாங்கலாம். பாயிண்டை எந்தக் கடையில் வாங்குவது?

காதர் பாய் கடை

ராயபுரத்தில் காதர் பாய் ஜி.பி.எஸ்., வயர்லெஸ் எல்லாம் ரிப்பேர் பார்ப்பார். வருஷத்துக்கு ஒரு முறை டிரைவர்கள் போய் பாயிண்டை வாயால் சொல்வோம். அவர் ஒற்றை விரலால் கம்ப்யூட்டரில் தட்டி, போட்டின் பெயரில் வைத்துக்கொள்வார். இருபத்திரண்டு போட்டின் பாயிண்ட் அதில் இருந்தது. பாதிப் போட்டுக்கு வேறு நகலே கிடையாது.

துறைமுகத்தில் நிலக்கரி இறக்கிய காலம் அது. ராயபுரத்தில் வெள்ளை வேட்டி காயப்போட்டால் சாயங்காலம் சாம்பல் வேட்டியாகத்தான் எடுக்க வேண்டும். அந்தக் கரித்தூளும் உப்புக் காற்றும் சேர்ந்து கம்ப்யூட்டரைத் தின்றுவிட்டன. மூன்று தடவை ஆன் செய்தால் ஒரு தடவை எழுந்திருக்கும். பாய் புதிதாக ஒரு லேப்டாப் வாங்கியிருந்தார். பழையதில் இருப்பதைப் புதியதுக்கு மாற்றும் வேலை அவர் மகள் பாத்திமாவுடையது. அவள் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"மாமு, பழசுல ஃப்ளாப்பி போட வாய் கீது, புதுசுல அது இல்ல. புதுசுல கீற வாய் பழசுல இல்ல."

"அப்ப ரெண்டும் எப்டிம்மா பேசிக்கும்?"

"பழசு நெஞ்ச அறுத்து ஹார்ட் டிஸ்க்க வெளிய எடுக்கணும். எல்லாம் அதுலதான் கீது. ஒரு ஒயரப் போட்டு லேப்டாப்ல சொருகுனா வந்துரும்."

ஸ்குரூவைக் கழற்றி, கரியை ஊதி, செங்கல் பாதி அளவில் ஒரு டப்பாவை எடுத்தாள். ஒயர் போட்டதும் போட்டுப் பெயர்கள் ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தன. ஒன்பதாவது பெயரில் டப்பா டிக் டிக் என்று அடித்துக்கொண்டு நின்றது. எங்கள் போட்டு பதினான்காவது. மறுபடி போட்டாள், நின்றது. நான்கு தடவை பார்த்தாள். தொட்டுப் பார்த்தேன், டீ கிளாஸ் மாதிரி சுட்டது.

"அவ்ளோதான் ஏழுமல, மௌத்தாயிடுச்சு" என்றார் பாய். செத்துவிட்டதாம்.

இருநூற்றுப் பன்னிரண்டு இடத்தை விட்டுவிட்டு எட்டு ஆளைக் கூட்டிக்கொண்டு குருட்டாம்போக்கில் கடலுக்குப் போக எனக்கு மனசு வரவில்லை.

"பாய், மீனு சூடானா நாம இன்னா பண்ணுவோம்? ஐஸ் போடுவோம்ல?"

"யோவ், இது இன்னா வஞ்சிரமா?"

"மௌத்தாயிடுச்சுன்னு நீதான சொன்ன. இனிமே கெட்டுப் போறதுக்கு இன்னா கீது?"

பாத்திமா கொஞ்சம் யோசித்தாள். "தண்ணி ஒரு சொட்டு உள்ள போவக்கூடாது மாமு" என்றாள். காசிமேட்டில் ஐஸுக்கா பஞ்சம்? ஒரு மீன் பெட்டி நிறைய உடைத்த ஐஸ் கொண்டுவந்தேன். டப்பாவை மூன்று பிளாஸ்டிக் கவரில் சுற்றி, ஒயர் வால் மட்டும் வெளியே நீட்டி, ரப்பரால் கட்டிப் புதைத்தோம். ஒரு மணி நேரம் கழித்து ஐஸில் இருந்தபடியே ஆன் செய்தாள். ஒன்பது வந்தது. பத்து வந்தது. நான் ஐஸைத் தள்ளித் தள்ளி மூடிக்கொண்டே இருந்தேன். இருபத்திரண்டும் வந்த பிறகு டப்பா கடைசியாக ஒரு டிக் அடித்தது. அதற்கப்புறம் அது எழுந்திருக்கவே இல்லை. எல்லா டிஸ்க்குக்கும் இந்த வைத்தியம் பலிக்கும் என்று யாரும் செய்து பார்க்காதீர்கள். எங்களுக்கு வேறு வழி இல்லை.

பேப்பர்

மறுநாள் காலை போனேன். பிரின்டர் ஓடிக்கொண்டிருந்தது. தேசப்பன் என்று இன்னொரு போட்டு டிரைவர் எதிரே வந்தான். ஒரு பேப்பரை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனான்.

"இன்னா பாய் அது?"

"எல்லாம் பாத்திமா ரோசனைதான். எல்லா போட்டுலருந்தும் ஆபத்துப் பாயிண்ட மட்டும் எடுத்து ஒரே லிஸ்ட்டாப் போட்டுக்கீறா. மீன் பாயிண்டுல கை வைக்கல. எத்தினி பேரு பெட்டி பூட்ச்சு, பாவம். உன் கப்பலும் அதுல கீது."

நான் ஸ்டூலில் உட்கார்ந்து, பிரின்டரில் கிடந்த பேப்பரில் அந்த எண்ணைத் தேடினேன்.

என் கப்பல் என்பது முழுகிக் கிடக்கும் ஒரு இரும்புக் கப்பல். அதை நான் கண்டுபிடித்ததே ஒரு பெரிய கதை. வலை அதில் மாட்டி, போட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து, கோடாலியால் ரோப்பை வெட்டித்தான் பிழைத்தோம். அன்றைக்குப் பட்டனை அழுத்தி அந்த எண்ணைப் பிடித்தேன். ஆனால் பாய் கடையில் சொன்னபோது சரியான எண்ணைச் சொல்லவில்லை. நான் எந்தப் பாயிண்டையும் சரியாகச் சொன்னதில்லை. கடையில் நாலு பேர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அதனால் கிழக்கு எண்ணின் கடைசியில் ஏழு கூட்டிச் சொல்வேன். திரும்ப வாங்கும்போது ஏழைக் கழித்துக்கொள்வேன். இதற்கு முந்தின போட்டில் இருந்த காலத்தில் கூட்டியது மூன்று; அந்தப் பாயிண்டும் இந்தப் போட்டின் பெயருக்கே வந்துவிட்டன. இந்தப் போட்டுக்கு வந்த பிறகு ஏழு. டிரைவர்களில் பல பேருக்கு இப்படி ஒரு கள்ளக் கணக்கு உண்டு. ஆனால் மீன் பாயிண்ட், ஆபத்துப் பாயிண்ட் என்று பார்க்காமல் எல்லாவற்றிலும் கூட்டி வைத்தவன் நான்.

ஏழு என்பது கடலில் கிழக்கே நூறு மீட்டருக்கு மேல்; உண்மையான கப்பல் அதற்குக் கரைப்பக்கம் கிடக்கிறது. பேப்பரில் இருக்கிற இடத்தை நம்பிக் கரைப்பக்கமாக ஒதுங்குகிறவன், வலையை நேராகக் கப்பல் மேல்தான் இழுப்பான்.

சொன்னால் ஏழு வருஷமாகப் பாயிடம் பொய் சொன்னது தெரியும். என் கணக்கும் வெளியே போய்விடும். இருந்தாலும் தேசப்பன் போட்டு சாய்கிறதைக் கண்ணை மூடாமலே மனசுக்குள் பார்த்துவிட்டேன். எழுந்து வெளியே ஓடினேன். டீக்கடையில் நின்றிருந்தான்.

"தேசப்பா, அந்தப் பேப்பரக் குடு."

"இன்னாத்துக்கு?"

"அதுல என் கப்பல் தப்பு. நான் ஏழு கூட்டிக்கீறன்."

அவன் கிளாஸைக் கீழே வைத்தான். "மீனுக்குப் பொய் சொன்னா சரி, நானுந்தான் சொல்றன். கப்பலுக்குமா நைனா?"

அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவனையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தேன். பாயிடமும் சொன்னேன். பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒத்த விரல்ல குந்திக்கினு தட்டுனன் பாரு, என்னச் சொல்லணும். அவ்ளோவும் பொய்யி."

"மன்னிச்சிக்கோ பாய். இப்ப எல்லாத்தயும் சரி பண்ணிட்டுத்தான் வூட்டுக்குப் போவேன்."

அது லேசான வேலை இல்லை. எதில் மூன்று, எதில் ஏழு என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. பாத்திமா ஒவ்வொன்றாக வாசித்தாள். அங்கே ஆறடிக்கு ஒரு பாகம் என்று எத்தனை பாகம் ஆழம், எந்தப் போட்டில் போனேன், கூட யார் இருந்தார்கள், வலையில் என்ன ஏறியது என்று நினைத்து நினைத்துச் சொன்னேன். ஆபத்துப் பாயிண்டை முதலில் முடித்தோம். முப்பத்தொன்று. புதுப் பேப்பர் அடித்து, அதுவரை வெளியே போயிருந்த ஒரே பேப்பரான தேசப்பனுடையதை வாங்கிக் கிழித்த பிறகுதான் டீ குடித்தேன். மீதியை மறுநாள் உட்கார்ந்து முடித்தேன். இரண்டு பாயிண்டில் மட்டும் சந்தேகம் தீரவில்லை. அவற்றை அழிக்கச் சொல்லிவிட்டேன்.

"மாமு, இப்ப உன் கணக்கு எனக்குத் தெரிஞ்சிபோச்சே?" என்றாள் பாத்திமா.

"தெரியட்டும். இன்னொரு ஆளுக்காவது தெரியணும்மா."

கடல் திறந்து மூன்றாம் நாள், வயர்லெஸ்ஸில் தேசப்பன் குரல் வந்தது. "ஏழுமல, உன் கப்பலத் தாண்டிட்டன். வலை முழுசா கீது." அவ்வளவுதான் சொன்னான். நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டான்.

இதைப் படிக்கிற உங்களுக்குப் போட்டு ஓட்டுகிற பிள்ளைகள் யாரையாவது தெரிந்தால், காசிமேட்டு ஏழுமலை சொன்னதாக ஒரு வார்த்தை சொல்லுங்கள். மீன் இருக்கிற இடத்தை எவ்வளவு வேண்டுமானாலும் மறைத்துக்கொள்ளட்டும். கப்பல் கிடக்கிற இடத்தை மட்டும் உள்ளபடி சொல்லச் சொல்லுங்கள்.