சும்மா வூட்டுலதான் இருக்கேன்

நான் இருக்கும் நியூசிலாந்து ஊரில், சாலையைக் கடக்கும் வெள்ளைக் கோட்டருகே கால் வைத்தாலே கார்கள் நின்றுவிடும். வந்த புதிதில் நான் கையைக் காட்டி அவர்களைப் போகச் சொல்வேன். அவர்கள் என்னைப் போகச் சொல்வார்கள். அப்படி நிற்கத் தவறிய ஒரு கார் இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் மணிக்கட்டை உடைத்தது. விழுந்து கிடந்தபடி ஓட்டிவந்த அம்மாளிடம் நான்தான் 'சாரி' சொன்னேன். அரசின் விபத்து இழப்பீட்டுத் துறையிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்து, வீட்டில் என்னென்ன செய்ய முடிகிறது என்று கேட்டாள். என்ன உதவி வேண்டும் என்று கேட்கிறாள் போல என நினைத்து, 'நத்திங்' என்றேன். என்னால் எதுவுமே செய்ய முடியவில்லை என்று அவள் எழுதிக்கொண்டாள். மறுவாரம் வேறொரு பெண் வந்து என் வீட்டைப் பெருக்கி, துணி மடித்து வைத்துவிட்டுப் போனாள். அரசாங்கச் செலவாம். வீட்டு வேலையும் வேலைதானாம்.

கையில் கட்டுப் பிரிப்பதற்குள் ஊரிலிருந்து செய்தி வந்தது. மாரண்டஹள்ளி அருகே, புல்லுக்கட்டோடு ரோட்டோரம் நடந்துபோன என் அக்கா செல்வியைத் தக்காளி ஏற்றிவந்த டெம்போ இடித்துத் தள்ளியிருந்தது. வலது முழங்கை நொறுங்கிவிட்டது. அதைவிட என்னை உலுக்கியது அக்கா வீட்டுக்காரரான மாமா போனில் சொன்னதுதான். புகார் எதுவும் இல்லை என்று டெம்போ உரிமையாளருக்கு அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிட்டாராம்.

"நம்ம ஆளு பாப்பா. அவன் வண்டிலதான் நம்ம தக்காளியே மார்க்கெட்டுக்குப் போவுது. கேசுன்னு போனா நாளைக்கி அவன் மொகத்துல எப்படி முழிக்கறது?"

"கை போனது அக்காவுக்கு. கையெழுத்து மட்டும் நீங்க போட்டீங்களா மாமா?"



விபத்து நடந்த ஐந்தாம் மாதம் விடுப்பில் வந்து, இருவரையும் தர்மபுரியில் ஒரு வக்கீலிடம் அழைத்துப் போனேன். அந்தக் காகிதம் அக்காவின் உரிமையைப் பறித்துவிடாது, ஆனால் ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்றார் அவர். இழப்பீட்டுத் தொகையைத் தரப்போவது டெம்போக்காரர் அல்ல, வண்டியின் இன்சூரன்ஸ் கம்பெனி என்று கேட்டதும் மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். விபத்தன்றே ஆஸ்பத்திரிச் சீட்டில் 'டெம்போ மோதி' என்று எழுதியிருந்தது எங்கள் அதிர்ஷ்டம். வக்கீல் பேனாவைத் திறந்தார்.

"என்ன வேலை பாக்கறீங்கம்மா?"

"வேலையெல்லாம் ஒண்ணுமில்லீங்க சார். சும்மா வூட்டுலதான் இருக்கேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான்கு மாடுகளுக்குப் பால் கறந்தவள். களையெடுத்தவள், தக்காளி பறித்தவள், ஐந்து பேருக்குப் பொங்கிப் போட்டவள். குறுக்கே பேச வாயெடுத்த என்னை வக்கீல் கையமர்த்தினார்.

"காத்தால எந்திரிச்சா மொதல்ல என்னம்மா செய்வீங்க?"

அக்கா சொல்லத் தொடங்கினாள். சொல்லிக்கொண்டே போனாள். வக்கீல் தாளைத் திருப்பி எழுதினார். பால் கறப்பது வந்தபோது அவளுடைய வலதுகை மடியிலிருந்து எழ முயன்று பாதியில் நின்றது. மாமா எழுந்து வெளியே போய்விட்டார்.

தீர்ப்பு போன மாதம் வந்தது. அக்காவின் உழைப்புக்கும் வருமானம் உண்டு என்று கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். கைதான் முழுதாக மடங்கவில்லை. இப்போது பால் கறப்பது மாமா.

தீர்ப்புக்கு முன், நான் மறுபடி விடுப்பில் வந்திருந்தபோதுதான் கோர்ட்டில் குறுக்கு விசாரணை நடந்தது. இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் பின்வரிசையில் இருந்த என்னைக் காட்டி அக்காவிடம் கேட்டார்: "இத்தன வேலை செஞ்சேன்னு ஃபாரின்ல இருக்கற உங்க தங்கச்சிதானே சொல்லிக்கொடுத்தாங்க?"

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. "அவளுக்கு என்னங்க தெரியும்? எங்கூட்டு மாட்டு பேருகூட அவளுக்குத் தெரியாது."

கூடத்தில் யாரோ சிரித்தார்கள். அந்த ஒரு பதில் அக்காவை ஜெயிக்க வைத்தது. நானோ பெஞ்சில் உட்கார்ந்தபடி, ஒரு மாட்டின் பெயராவது ஞாபகம் வருகிறதா என்று தேடிக்கொண்டிருந்தேன்.