நாக்குக்காகப் பல்லைக் கைவிட்ட அத்தான்

என் அக்காவின் கணவர், அதாவது என் அத்தான், வேலைநாளில் காலையில் பல் துலக்க மாட்டார். உடனே சோம்பேறி என்று முடிவுகட்டிவிடாதீர்கள். விடியும் முன் எழுந்து, முகம் மழித்து, இஸ்திரி கலையாத சட்டையோடு வேலைக்குக் கிளம்புகிற மனிதர். பிரஷ்ஷை மட்டும் தொடமாட்டார்.

காரணம் அவருடைய நாக்கு. நாங்கள் இருவரும் ஒரே பேக்கரியில் வேலை செய்கிறோம். நான் முன்னால் கல்லாவில், அவர் பின்னால் கேக்கில் க்ரீம் பூசிப் பெயர் எழுதுகிற மேஜையில். சேர்ந்த புதிதில் ஒருநாள் பேஸ்ட் போட்டுத் துலக்கிய கையோடு வந்து க்ரீமை ருசி பார்த்திருக்கிறார். இனிப்பே தெரியவில்லையாம். சர்க்கரையை அள்ளிக் கொட்டிவிட்டார். அன்றைக்குப் போன கேக்கில் பாதி கடைக்கே திரும்பி வந்தது. அதிலிருந்து பேஸ்ட்டுக்கும் அவருக்கும் ஆகாது. சாயங்காலம் வீடு வந்ததும் ஏனோதானோவென்று இரண்டு இழுப்பு. ரத்தம் வந்தால் அந்தப் பக்கத்தையே விட்டுவிடுவார். வாய் நாறாமலிருக்க, ருசி பார்க்கும் வேலை முடிந்ததும் ஒரு கிராம்பு.

அவர் கண்ணில் புரை விழும்வரை இது எங்களுக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. கேக்கில் எழுத்து மேலும் கீழுமாகப் போக ஆரம்பித்தது. ஒரு பிறந்தநாள் வாழ்த்தைக் கேக்கில் தொடங்கி மேஜையில் எழுதி முடித்தார். ஆபரேஷன் செய்துவிடலாம், ஆனால் முதலில் சர்க்கரை இறங்கட்டும் என்றார் கண் டாக்டர். சர்க்கரை நோய் அத்தானுக்குப் பல வருஷமாக உண்டு. முதலாளி நல்லவர்தான். ஆனாலும் கண் தெரியாதவரை அந்த மேஜையில் எத்தனை நாள் வைத்திருப்பார்?

மாத்திரையைக் கூட்டினார்கள். சோற்றைக் குறைத்தார். நடையாய் நடந்தார். சர்க்கரை அசைந்து கொடுக்கவில்லை. அக்காவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"பேக்கரியில நக்கிட்டு வர்றீங்க. வேற என்ன?"

"நாக்குல வெச்சுப் பார்த்துட்டுத் துப்பிடறேன். சத்தியமா."

"அந்தச் சத்தியத்தையும் சேர்த்துத் துப்பிடுங்க."

பிறகு என்னை உளவு பார்க்கச் சொன்னாள். பார்த்தேன். ஒரு துளி நாக்கில் வைப்பார், தொட்டியில் துப்புவார், கொப்பளிப்பார். ஒவ்வொரு முறையும் அப்படியேதான். வந்து சொன்னேன்.

"உனக்கும் கேக்கைக் குடுத்து வாயை அடைச்சிட்டாரா?" என்றாள் அக்கா. அத்தான் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து போனார். எனக்கு அக்காமேல் பற்றிக்கொண்டு வந்தது. பொய் சொல்லத் தெரியாத மனுஷனை இப்படியா வறுத்தெடுப்பது?

ஒருநாள் மதியம், பிஸ்கட் பதமாக வெந்திருக்கிறதா என்று கடித்துப் பார்த்தவர், வாயிலிருந்து எதையோ எடுத்து உள்ளங்கையில் வைத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"இதுல யாரு முந்திரி போட்டது?"

"அத்தான், அது உங்க பல்லு" என்றேன்.

மறுநாளே அக்கா அவரைப் பல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். நானும் ஒட்டிக்கொண்டேன். அந்த டாக்டரம்மா ஈறை லேசாக அழுத்தினார். சீழ் வந்தது.

"சர்க்கரை இருக்கா?"

"இருக்கு. என்ன பண்ணாலும் இறங்க மாட்டேங்குது" என்றாள் அக்கா.

"ஈறு இப்படிப் புண்ணாக் கிடந்தா சர்க்கரையை அடக்கறது கஷ்டம். சர்க்கரை ஏறினா ஈறு இன்னும் கெடும். ரெண்டும் ஒண்ணையொண்ணு தூண்டிவிட்டுட்டே இருக்கும்."

"அப்ப இவரு திருட்டுத்தனமா எதுவும் திங்கலையா?"

"அது எனக்குத் தெரியாதும்மா. சர்க்கரை ஏற இந்த வாயே ஒரு காரணமா இருக்கலாம்."

அக்கா வெளியே வந்து சாலையைக் கடக்கும்போது அத்தானின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அவருக்குக் கண் சரியாகத் தெரியாதே, அதனால்தானாம்.

நாக்குக்கும் பல்லுக்கும் டாக்டரம்மாவே சமாதானம் செய்துவைத்தார். படுக்கும் முன் பேஸ்ட்டோடு நிதானமாகத் துலக்க வேண்டும், பல்லிடுக்கையும் விடக்கூடாது. காலையில் வெறும் தண்ணீரில் நனைத்த பிரஷ் போதும். ஈறுக்குள் படிந்திருந்ததை நாலைந்து தடவை வரவழைத்துச் சுத்தம் செய்தார். சர்க்கரை ஒன்றும் மாயமாக மறைந்துவிடவில்லை. மாத்திரையும் நடையும் சுத்தமான வாயும் சேர்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக, கண் டாக்டர் சரியென்று தலையாட்டுகிற அளவுக்கு இறங்கியது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டுப் பிரித்த அன்று அக்கா நல்ல புடவையாக உடுத்திக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள்.

"என்னைத் தெரியுதாங்க?" என்று கேட்டு வாய்நிறையச் சிரித்தாள்.

அத்தான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ அன்பாகச் சொல்லப்போகிறார் என்று நான் கொஞ்சம் தள்ளி நின்றேன்.

"நல்லாத் தெரியுது" என்றார். "உன் ஈறு ஏன் இப்படிச் சிவந்து வீங்கியிருக்கு?"

அக்கா பட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். "எனக்கென்ன, சர்க்கரையா இருக்கு?"

"அது உனக்கும் வந்துடக் கூடாதுன்னுதான் சொல்றேன். கெளம்பு."

கண் ஆஸ்பத்திரியிலிருந்து நேராகப் பல் டாக்டரிடம் போனோம். வழியெல்லாம் அக்கா முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். சாலையைக் கடக்கும்போது, இந்தத் தடவை அத்தான்தான் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.