அவர் வீட்டு சிங்க்

"கொஞ்சம் ஹாலுக்குப் போங்கம்மா, நாத்தம் வரும்" என்று வீட்டுக்காரியை அனுப்பிவிட்டுத்தான் குழாய்க்காரர் சிங்க்குக்கு அடியில் படுப்பார். அதற்கு முன் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொள்வார், அழுக்கு உள்பக்கத்தோடு போகட்டும் என்று. கழற்றிய திருகாணிகள் அவருடைய செருப்புக்குள் போகும். ஒன்றை மறந்து கிளம்பினாலும் காலில் குத்தி ஞாபகப்படுத்திவிடும்.

நாற்றம் என்பது சாக்கு. வளைவுக் குழாயின் நட்டைத் தளர்த்தியதும் அழுக்குத் தண்ணீரோடு பேச்சும் வரும். பாத்திரம் தேய்க்கிறவர்கள் சிங்க்கைப் பார்த்து முணுமுணுத்ததெல்லாம் முடியோடும் சோப்போடும் சேர்ந்து உள்ளே அடைத்துக்கொள்ளும் போலிருக்கிறது. 'இந்த வீட்ல நான் ஒரு ஆளா?' என்று ஒரு குழாய் கேட்கும். இன்னொன்று மாமியாரை வண்டை வண்டையாகத் திட்டும். எல்லாம் ஒரே ஒரு தடவைதான். வாளியில் விழுந்ததும் குரல் தீர்ந்துவிடும். முப்பது வருஷத்தில் ஒரு வீட்டுப் பேச்சை அவர் இன்னொரு வீட்டில் சொன்னதில்லை. வாயைத் திறந்திருந்தால் பாதி ஊர் சந்தி சிரித்திருக்கும். கிளம்பும்போது வீட்டுக்காரரிடம் மட்டும், "அவங்க தேய்க்கிறப்போ நீங்களும் கூட நின்னு தொடச்சு வைங்க சார். சீக்கிரம் அடைக்காது" என்பார்.

அப்பேர்ப்பட்டவர் வீட்டு சிங்க் அடைத்து நான்கு மாதமாகிறது. "ஊர் அடைப்பெல்லாம் எடுக்கிற, உன் வீட்டுக்கு மட்டும் நாள் பாக்குறியா?" என்று குழாய்ச் சாமான் கடைக்காரர் கிண்டலடிப்பார். இவர் வாஷரைப் பொறுக்கிக்கொண்டே, "எடுக்கணும்" என்பார்.

நடந்தது இவ்வளவுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பால்கனிக் கதவைச் சாத்தவில்லை என்று ஒரு சண்டை. மனைவி முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் தேய்த்தபடி ஏதோ சொன்னாள். "என்ன?" என்றார். "ஒண்ணுமில்ல" என்றாள். மறுநாள் காலை அவள் எழுந்திருக்கவே இல்லை, தூக்கத்திலேயே போய்விட்டாள். பாவி மனுஷர், பக்கத்தில் போய் நின்று கேட்டிருக்கலாம். பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

நேற்று வந்த மகள் தேங்கிய தண்ணீரைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டாள். "என்னப்பா இது? நாளைக்கு வேற ஆளக் கூட்டிட்டு வரேன்."

"வேற ஆள் கை வைக்க வேண்டாம்."

"அப்ப நீங்களே எடுங்க."

"எடுத்துட்டா, அப்புறம் உங்கம்மாகிட்டேர்ந்து வர்றதுக்கு ஒண்ணும் இல்லம்மா."

மகளுக்குப் புரியவில்லை. அவர் தோளைத் தொட்டாள். "சரி, எடுக்கறேன். நீ கொஞ்சம் ஹாலுக்குப் போம்மா, நாத்தம் வரும்" என்றார்.

சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு அடியில் படுத்தார். திட்டாக இருந்தால் தாங்கிக்கொள்ளலாம். 'டீ போடட்டுமா' என்று கேட்டிருந்தால்தான் தாங்காது. ஸ்பானரைக் கால் சுற்று திருப்பினார். பேசுவதற்கு முன்னால் ஒருத்தி இழுக்கிற மூச்சு குழாய்க்குள் கேட்டது. நட்டை அவசர அவசரமாகத் திரும்ப இறுக்கினார்.

எழுந்து, தேங்கிய தண்ணீரைக் குவளையால் சத்தமில்லாமல் மொண்டு வாளியில் ஊற்றினார். கடைசி ஈரத்தைத் துண்டால் ஒற்றி எடுத்தார். பிறகு சிங்க்கின் ஓட்டையை உள்ளங்கையால் அழுத்தி மூடிக்கொண்டு, "சரியாயிடுச்சும்மா" என்று ஹால் பக்கம் குரல் கொடுத்தார்.