ஒரு பக்கக் கறை

பிரிக்ஃபீல்ட்ஸில் கறை எடுக்க என்னை மிஞ்ச ஆளில்லை. நானே சொல்கிறேன், வேறு யார் இருக்கிறார்கள் சொல்ல? ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஒரு வாளியோடு ஆரம்பித்து, இன்றைக்கு நாலு பெரிய மெஷின் ஓடும் டோபி கடைக்கு முதலாளி. மஞ்சளா, துருவா, ரத்தமா என்று பார்த்த உடனே சொல்வேன். ஆனால் எங்கள் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. அடுத்தவர் துணியில் என்ன கறை இருந்தாலும் டோபி வாயைத் திறக்கக்கூடாது. முப்பது வருஷம் நான் திறந்ததில்லை.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் என் இடது மார்புக் காம்பில் அரிப்பு. தோல் சிவந்து செதில் செதிலாக உதிர்ந்தது. சோப்புதான் சேரவில்லை என்று முடிவு கட்டினேன். சோப்பைப் பற்றி எனக்கா தெரியாது? பவுடரை மாற்றினேன். மருந்துக் கடையில் க்ரீம் வாங்கிப் பூசினேன். கொஞ்சம் அடங்கும், திரும்ப வரும். உள்பாடியில் அந்தப் பக்கம் மட்டும் மஞ்சளும் சிவப்புமாகப் பொட்டுக் கறை. பச்சைத் தண்ணீரில் உப்புப் போட்டுத் தேய்த்தால் போச்சு. எட்டு மாசம், தினமும் எடுத்தேன். எங்கிருந்து வருகிறது என்று ஒருநாளும் யோசிக்கவில்லை.

யாரிடம் காட்டுவது? வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து பன்னிரண்டு வருஷம். மகன் வெளிநாட்டில், பெர்த்தில் இருக்கிறான், அவனிடம் போனில் சொல்கிற சமாச்சாரமா இது?

பிரஷர் மாத்திரைக்குப் போன கிளினிக்கில், போகிற போக்கில் அங்கிருந்த டாக்டர் பெண்ணிடம், "அரிப்புக்கு நல்ல க்ரீமா ஒண்ணு குடு லா" என்றேன். எங்கே என்று கேட்டு, திரையை இழுத்துவிட்டுப் பார்த்தாள். எந்தப் பவுடர் எவ்வளவு காரம் என்று நான் ஒரு பிரசங்கமே செய்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "சோப்பு ஒரு பக்கம் மட்டுமா ஆன்டி அரிக்கும்?" என்றாள்.

என் கடைப் பெண்களுக்குச் சோப்பு சேராவிட்டால் ரெண்டு கையும்தானே வெடிக்கும்!

"பாக்கத் தோல் வியாதி மாதிரியே இருக்கும் ஆன்டி. அபூர்வமா இது மார்பகப் புற்றுநோயா இருக்கலாம். கொஞ்சம் சதை எடுத்து டெஸ்ட் பண்ணாத்தான் தெரியும். கூட யார் வருவாங்க?"

"கடையையே தனியா நடத்துறவ நான்" என்றேன். ஆஸ்பத்திரி ஃபாரத்தில் நெருங்கிய உறவு என்ற இடத்தில் கடை நம்பரைக் கொடுத்தேன்.

புற்றுநோய்தான். மார்பை எடுத்துவிட்டார்கள். மூணாவது வாரமே கல்லாவில் வந்து உட்கார்ந்தேன். எத்தனை பேருக்கு வரும் அந்தத் தெம்பு? வீட்டில்தான், நைட்டியைத் தலைவழியே மாட்ட இடது கை தூக்க வராது. பாதி மாட்டியபடியே கட்டிலில் உட்கார்ந்திருப்பேன்.

போன மாசம், செராஸிலிருந்து வரும் ஒரு பெண்ணின் மூட்டையில் ஓர் உள்பாடி. ஒரு பக்கம் மட்டும் அதே பொட்டு. கை தானாக உப்புக்குப் போனது. நிறுத்திக்கொண்டேன்.

அவள் வந்ததும், "இத மட்டும் துவைக்கல மா" என்றேன்.

"ஏன் ஆன்டி, மெஷின் ரிப்பேரா?"

"கறை ஒரு பக்கம் மட்டும் இருக்கு. அரிக்குதா?"

அவள் முகம் மாறியது. "துவைக்கத்தானே குடுத்தேன், ஆராய்ச்சி பண்ணவா?" பையைப் பிடுங்கிக்கொண்டு நடந்தாள்.

"க்ரீம் போட்டுக்கிட்டு இருக்காத மா, டாக்டர்கிட்ட காட்டு!" தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

இன்னும் வரவில்லை. அவளுடைய தலையணை உறை ஒன்று மெஷினில் தங்கிவிட்டது. இஸ்திரி போட்டுக் கல்லாவின் மேலேயே வைத்திருக்கிறேன். அதைக் கேட்டாவது வரட்டும்.