மகள் தின்ற சீட்டு

போன வாரம் என் மகள் ஒரு பாகப்பிரிவினையைத் தின்றுவிட்டாள்.

சிரிக்காதீர்கள். அன்று நான் அழாத குறை.

அப்பா தம் உயிலில் என்னை எக்ஸிக்யூட்டராகப் போட்டிருந்தார். சொத்தைப் பிரித்துக் கொடுக்கிற பொறுப்பு என்னுடையது. வீட்டில் படித்தவள் நான் ஒருத்தி. நிலத்தில் எனக்குப் பங்கும் இல்லை. அண்ணன்மார் இருவருக்கும் ஆளுக்கு ஒரு துண்டு. கிணற்றுக்காடு இரண்டு ஏக்கர் — கரிசல், வருஷம் முழுக்கத் தண்ணீர். மேட்டுக்காடு ஆறு ஏக்கர் — செம்மண், மழையை நம்பியது. கிணற்றைப் பொதுவில் வைத்தால் சண்டை வரும், சீட்டுப் போட்டுவிடு என்று எழுதி வைத்திருந்தார்.

ஒன்றரை வயதுக் குழந்தையோடு, பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடும் பஸ்ஸில் திருச்செங்கோடு வந்து, அங்கிருந்து வண்டியில் ஊர் சேர்ந்தேன். சீட்டு எழுதினேன். ஒன்று பெரிதாகத் தெரிந்தது, கிழித்தேன். மறுபடி எழுதினேன். ஒன்றின் மடிப்பு தடிமன்... மறுபடி. யுத்தத்தால் காகிதம் கிடைக்காத இந்தக் காலத்தில் ஒரு காலண்டர் தாளையே தீர்த்துவிட்டேன்.

சீட்டை எழுத்தறியாத குழந்தை எடுப்பதுதானே வழக்கம்? சீட்டு இரண்டையும் ஒரு செம்பில் போட்டு மகளிடம் நீட்டினேன்.

"பெரிய மாமனுக்கு எடு, சாமி."

எடுத்தாள். நேரே வாயில் போட்டாள். பல் முளைக்கிற வயசு! விரலை விட்டுத் தோண்டினால் ஊதா நிறத்தில் கூழ் வந்தது — ஈரம் பட்டால் மையாகக் கரைகிற காப்பியிங் பென்சிலில் எழுதியது.

கூடத்தில் ஒரே சிரிப்பு. மிச்சமிருந்த சீட்டைப் பிரித்துச் சின்ன அண்ணனுக்காகப் படித்தேன்: கிணற்றுக்காடு. அப்படியானால் தின்றது மேட்டுக்காடு. அது பெரிய அண்ணனுக்கு. சரிதானே?

சிரிப்பு நின்றது.

"ஏனம்மணி," என்றார் நங்கை — பெரிய அண்ணனின் மனைவி. "பாப்பா தின்னதுலயும் கெணத்துக்காடுன்னே எழுதியிருந்தா?"

"இல்லைங்க நங்கை. ஒண்ணுல இது, ஒண்ணுல அது."

"எங்களுக்குப் படிக்கத் தெரியாது. நீ படிச்சதுதான் எழுத்து. புள்ள தலைல கை வெச்சுச் சொல்லிப்போடு, நம்பிக்கறேன்."

கை எழவில்லை. சரியாகத்தான் எழுதினேன். ஆனால் மூன்று தடவை எழுதிக் கிழித்தேனே... கிழித்ததில் ஒன்று மாறிச் செம்புக்குள் போயிருந்தால்? அந்த 'ஒருவேளை'யைக் குழந்தை தலைமேல் வைக்க எந்தத் தாய் துணிவாள்?

"முடியாதுங்க," என்றேன். "எனக்கே சந்தேகமா இருக்குதுங்க."

"கேட்டீங்களா?" என்று நங்கை தம் கணவரைப் பார்த்தார். இனி எனக்குப் பிறந்த வீடு என்று ஒன்று உண்டா?

சின்ன அண்ணன் எழுந்து வெளியே போனார். கோபம் என்றே நினைத்தேன் — கைக்கு வந்த கிணறு ஆயிற்றே! வேர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்தார். கைக்கு ஒரு மண்கட்டி. ஒன்று கறுப்பு, ஒன்று சிவப்பு.

"அண்ணி கேக்கறது நாயந்தானுங்க. எழுத்து வேண்டாம். இதை எல்லாருமே படிப்போமல்ல?"

நங்கையே கட்டிகளை ஒரே அளவாகத் தட்டினார். ஆமணக்கு இலையில் பொட்டலம் கட்டி, கூடையில் போட்டுக் குலுக்கினார். பெரிய மாமனுக்கு என்று மகள் ஒன்றைத் தூக்கினாள்.

பிரித்தால்... சிவப்பு. மறுபடியும் மேட்டுக்காடு!

நங்கை அந்தக் கட்டியைக் கையில் எடுத்தார். "செரி, நமக்கு இதுதான்," என்று முந்தானையில் முடிந்துகொண்டார். ஒரு கேள்வி இல்லை.

நியாயமாகப் பிரித்தால் போதும் என்றுதான் இத்தனை நாள் இருந்தேன். அந்த நியாயம் வாங்குகிறவர் கண்ணுக்கும் தெரிய வேண்டாமா?

அதற்குள் மகள் கறுப்புக் கட்டியை வாய்க்குக் கொண்டு போய்விட்டாள். எனக்கு முன்னால் பாய்ந்து அவள் கையைப் பிடித்தவர் நங்கைதான்.

"ஐயோ சாமி, அது உன்ற சின்ன மாமன் காடு. அதையும் தின்னுபோடாதே!"