குழம்பின் இந்தப் பக்கம்

சிங்கப்பூரில், எங்கள் செங்காங் வீட்டு அடுப்பங்கரையில் காலையிலிருந்து ஒரு ஸ்லோ குக்கர் உட்கார்ந்திருக்கிறது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் என் வீட்டுக்காரர் வாங்கிய பொருள். உள்ளே பன்றியின் தோள்பட்டைக் கறி. மிளகும் மிளகாய்த்தூளும் சர்க்கரையும் தடவி, வினிகர் ஊற்றி மூடிவிட்டார். சாயங்காலம் வரை அப்படியே கிடக்க வேண்டுமாம். அப்புறம் முள்கரண்டியால் இழுத்தால் நார்நாராகப் பிரிந்து வருமாம். தளபுள என்று ஒரு கொதிகூட வராத சட்டியில் கறி எப்படி வேகும்? எனக்கு நம்பிக்கை இல்லை. மூடியில் கை வைத்தேன்.

"திறக்காத லா! சூடு போயிடும்" என்று ஹாலிலிருந்து சத்தம் வந்தது. இவ்வளவு பதறுகிறார் என்றால் எனக்குத் தெரியாமல் உள்ளே வேறு எதையோ ஊற்றியிருக்கிறார் என்றுதான் அர்த்தம்.

நான் பன்றிக்கறி சாப்பிடுவதில்லை. சாப்பிடாதவளுக்கு எதற்கு இந்த வேவு என்று நீங்கள் கேட்கலாம். என்ன செய்வது, அம்மாவிடமிருந்து வந்த குணம். கடைக்காரர் சிரித்துப் பேசினாலே நேற்றைய மீனைத் தலையில் கட்டப் பார்க்கிறான் என்பார் அம்மா. பாதி நாள் அது சரியாகவும் இருக்கும்.

வினிகரும் மிளகும் சேர்ந்து வேகிற இந்த வாசனை எனக்குப் புதிதல்ல. கல்யாணமான புதிதில் தேக்காவுக்குப் பக்கத்தில் மாமியாரோடு இருந்தோம். அவர்கள் கத்தோலிக்கர்கள். நாங்கள் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிறவர்கள். ஆடு, கோழி உண்டு, மாடும் பன்றியும் ஆகாது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகுமுன் அத்தை கனமான சட்டியில் பன்றிக்கறியைப் போட்டு, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத தீயில் வைத்துவிட்டுப் போவார். மாதா கோவிலிலிருந்து வந்து மத்தியானம் வரை காத்திருந்தால் கறி தானாக உதிரும். ரொட்டிக்குள் வைத்துக் கொடுப்பார். இவர் இப்போது அதற்கு ஏதோ ஆங்கிலப் பெயர் சொல்கிறார், அப்போது அப்படிப் பெயர் எதுவும் இல்லை.

எனக்கென்று தனிச் சட்டி, தனித் தட்டு, கழுவ எனக்குப் பச்சை ஸ்பாஞ்சு, அவர்களுக்கு மஞ்சள் ஸ்பாஞ்சு என்று அத்தை பிரித்தே வைத்திருந்தார். எனக்கு அது போதும். அம்மாவுக்குப் போதவில்லை. ஞாயிறுதோறும் என்னைப் பார்க்க வருவார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து மூக்கால் வீட்டை அளப்பார்.

"சாப்பிடுங்க சம்பந்தி."

"இல்ல சம்பந்தி, வர்ற வழியிலதான் தோசை சாப்பிட்டேன்."

அது பொய் என்று அவருடைய வயிறே சத்தம் போட்டுச் சொல்லும். கிளம்பும்போது லிஃப்ட் பக்கத்தில் என்னிடம் மட்டும் கேட்பார்: "ஸ்பாஞ்சு ரெண்டு, சரி. துடைக்கிற துணி ஒண்ணுதானே?"

அத்தைக்கும் ரோஷம் உண்டு. "செக்பாயிண்ட்ல ஆபீசர்கூட பையை இப்படிப் பாக்க மாட்டாங்க லா. உங்கம்மாவுக்கு எங்க சட்டி மேல சந்தேகமா, எங்க மேலயா?" என்றார் ஒருநாள். "இனிமே அவங்க வந்தா நான் கோயில்லயே இருந்துக்கிறேன்." இரண்டு பேரில் ஒருவர் வரும்போது மற்றவர் வெளியேறும் வீட்டில் நான் எப்படிக் குடித்தனம் நடத்துவது? அழுதேன்.

அழுகையைப் பார்த்தோ என்னவோ, அடுத்த ஞாயிறு அத்தையே அம்மாவைத் தேக்கா மார்க்கெட்டுக்கு அழைத்துப் போனார். புதுச் சட்டியை அம்மாவே தட்டிப் பார்த்து வாங்கினார். கோழியையும் அவரே பார்த்து வெட்டச் சொன்னார். வீட்டில் பின்னடுப்பில் வழக்கம்போலப் பன்றிக்கறி. ஞாயிறு என்றால் அத்தை அதை யாருக்காகவும் விடமாட்டார். முன்னடுப்பில் புதுச் சட்டியில் கோழிக்குழம்பு. அம்மா கைகளைக் கட்டிக்கொண்டு அடுப்பங்கரை வாசற்படியில் நின்று கண்கொட்டாமல் பார்த்தார்.

தக்காளி விலையில் பேச்சு ஆரம்பித்தது. இரண்டு பேருக்கும் பிடித்த பேச்சு. அந்த உற்சாகத்தில் அத்தை பின்சட்டியை ஒரு கிண்டு கிண்டிவிட்டு, அதே கரண்டியால் முன்சட்டியையும் கிண்டிவிட்டார்.

பேச்சு நின்றது. அத்தையின் முகம் வெளுத்துவிட்டது. துணியால் சட்டியைப் பிடித்துத் தூக்கி, சிங்க்கில் கொட்டப் போனார். கண்ணில் தண்ணீர்.

அம்மா குறுக்கே வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"கொட்டாதீங்க சம்பந்தி. கரண்டி அந்தப் பக்கம்தான் பட்டுச்சு, நான் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன். எனக்கு இந்தப் பக்கமா எடுத்துப் போடுங்க."

குழம்புக்கு ஏது அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும்? உலகத்தில் எதையுமே நம்பாத என் அம்மா அன்று அதை நம்பினார். உட்கார்ந்து, மறுசோறும் வாங்கிச் சாப்பிட்டார். அத்தை எதிரிலேயே நின்று பரிமாறினார்.

அதற்காக அம்மா திருந்திவிட்டார் என்று நினைக்காதீர்கள். அதன்பிறகும் ஞாயிறுதோறும் துடைக்கிற துணியைப் பற்றிக் கேட்டார், அத்தையிடமே கேட்டார். அத்தையும் பதிலுக்குச் சண்டை போட்டுக்கொண்டே சோறு போட்டார்.

இரண்டு பேரும் இப்போது இல்லை. அந்த வீட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள். இங்கே வருகிறவர்களுக்குப் போனில் தட்டினால் ஆளுக்கொரு பெட்டியில் அவரவர் சாப்பாடு வாசலுக்கு வந்துவிடுகிறது. இன்று இவர் செய்கிற கறியைச் சாப்பிட வரப்போகிறவர்களும் என் அடுப்பங்கரையை எட்டிப் பார்க்க மாட்டார்கள். நல்ல மனிதர்கள், மரியாதையானவர்கள். ஆனால் முகத்துக்கு நேரே என்னைச் சந்தேகப்பட்டுவிட்டு, அப்புறம் "போடு" என்று தட்டை நீட்ட எனக்கு இப்போது யாரும் இல்லை.