குளிர் பார்க்கும் கன்னம்

தொப்பியக்காவுக்கு ஒரு வழக்கம். உப்புத் தண்ணீரில் ஊறிய வலைத் தொப்பியைப் பிழிந்தெடுத்ததும் முதலில் தன் இடது கன்னத்தில் ஒற்றுவாள். ஒரு கண்ணை இறுக மூடிக்கொள்வாள். குளிர் விட்டிருந்தால் ஒரு தலையாட்டல். இல்லையென்றால் மறுபடி வெந்நீர். அப்புறம்தான் குழந்தையின் தலை.

முடிவெட்டும் கடையில் பாதி ஆயுளைக் கழித்தவள். முரண்டு பிடிக்கிற தலை எது என்று தொட்டாலே தெரிந்துவிடும். பேச்சு தாமதமாகும் குழந்தைகளின் மூளையையும் ஞாபகத்தையும் ஆராய்கிற இந்த இடத்தில் அவளைச் சேர்த்ததே அதற்காகத்தான். தொப்பிக் கம்பிகளுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், "தலைக்குள்ள நடக்கற பேச்சை ஒட்டுக் கேக்குது" என்பாள்.

அன்று வந்தவனுக்கு இரண்டரை வயது. ஒரு சொல் கிடையாது. போன வாரம் தொப்பியக்கா அவனுக்குத் தொப்பி மாட்டிய கையோடு, இளம் டாக்டர் ஒரு பந்தைக் கிண்ணத்தில் போட்டு, மூடி, குலுக்கிக் காட்டியிருந்தாள். இந்த வாரம் அவனாகச் செய்கிறானா என்று பார்க்க வேண்டும். பேசாத பிள்ளையிடம் ஞாபகத்தை வேறு எப்படி விசாரிப்பது?

"ஓட்டைப் பானையில தண்ணி ஊத்தறோம்னு சொல்றார் இவங்கப்பா," என்றாள் அவன் அம்மா. "இவன் பேசறது அப்புறம் இருக்கட்டும். உள்ள ஏதாவது தங்குதான்னு மட்டும் சொல்லுங்க."

கிண்ணத்தை வைத்தார்கள். அவன் அதைக் கவிழ்த்தான். பந்தை மேசைக்கடியில் உருட்டிவிட்டு ஜன்னலைப் பார்த்தான். டாக்டரின் பேனா நின்ற விதத்திலேயே அம்மாவுக்கு விளங்கிவிட்டது. கைப்பையின் வாரை முறுக்க ஆரம்பித்தாள்.

அந்த முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் தொப்பியக்கா அவசர அவசரமாகத் தொப்பியைப் பிழிந்தாள். அவசரத்தில் கன்னம் மறந்துபோனது.

"வாங்க ராசா, வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமோ?"

நேரே தலைக்கு வந்த கையைப் பையன் பிடித்து நிறுத்தினான். தொப்பியை இழுத்துத் தன் கன்னத்தில் ஒற்றினான். ஒரு கண்ணை மூடப் பார்த்து இரண்டையும் மூடினான். தலையாட்டினான்.

"அக்கா!" டாக்டருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "நான் மெனக்கெட்டுக் காட்டினதை விட்டுட்டு உங்களையில்ல பாத்துப் படிச்சிருக்கான்!"

"கணக்குல வருமா டாக்டர்?"

"சோதனைக் கணக்குல வராது." அம்மா பக்கம் திரும்பினாள். "ஆனா நீங்க கேட்டதுக்குப் பதில் வந்தாச்சு. தங்குது."

அம்மா வாயைத் திறக்கவில்லை. சந்தோஷத்தில் வாயடைத்துப் போனாள் என்றுதான் தொப்பியக்கா நினைத்தாள்.

வாசலில் செருப்பு மாட்டும்போதுதான் அம்மா சொன்னாள். போன தடவை வந்துபோனதிலிருந்து வாரம் முழுக்க வீட்டில் அவன் ஸ்பூனைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைத்தானாம். கன்னமெல்லாம் சோறு. சாப்பாட்டில் என்ன விளையாட்டு என்று அப்பாவும் அம்மாவும் மாறி மாறி ஸ்பூனைப் பிடுங்கியிருக்கிறார்கள்.